தூபா வழியாக ஒரு சுற்று

லங்காவித் தீவைப் பாய்மரப் படகில் சுற்றிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஸலிபாவின் குரல்தான். எந்தக் கடற்கரை பிடிக்கும், எந்த மீன் பிடிக்கும் என்றெல்லாம் அந்தக் குரல் கேட்பதில்லை. "உங்க கூட்டத்துல காலையில முதல்ல எழுந்திருக்கிறவர் யாரு? யாருக்குச் சீக்கிரம் மூஞ்சி தொங்கும்?" என்று கேட்கும். சிங்கப்பூரிலிருந்து பேசுகிறவர் சிரித்துவிட்டு மாமியார் பெயரையோ மச்சான் பெயரையோ சொல்வார். அவளுக்கு அது போதும். அந்த மாமியாரை நடுவில் வைத்துப் பாதை போடத் தொடங்கிவிடுவாள். மாமியாருக்கு வெயில் ஆகாது என்றால் மதியம் குன்று நிழலில் நங்கூரம். மச்சானுக்குப் பொழுது போகாது என்றால் சாயங்காலம் தூண்டில். முகம் தொங்குகிற ஒருவரைச் சமாளித்துவிட்டால் மற்றவர்கள் தாமாகவே சந்தோஷமாக இருந்துகொள்வார்கள். படிப்பில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. வேலையில் அவளே கண்டுகொண்டது.

அவள் உட்காருவது குவாத் துறைமுகத்தில், வலைக்கடைக்கு மேலே படகு வாடகை அலுவலகமாக இருக்கும் ஒரு மாடியறையில். ஜன்னலைத் திறந்தால் துறையும், அதில் அசையும் பாய்மரங்களும் தெரியும். அவற்றுக்குப் பின்னால் தூபாத் தீவின் பச்சை முதுகு. அவள் பிறந்தது அந்த முதுகின் மறுபக்கத்தில். மீன்பிடிக்கிற குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. சிந்தோக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சுற்றுலாத் துறையில் பட்டம் வாங்கியபோது, அந்தக் குடும்பத்தில் அப்படி ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

"நாலு வருஷம் படிச்சுட்டு வந்து, வெள்ளைக்காரன் எங்க குளிக்கலாம்னு சொல்ற வேலை," என்பாள் மாக் தே செனா, அவள் கணவனின் சித்தி. அதைக் கேட்கும் சில நாட்களில் ஸலிபா சிரிப்பாள். சில நாட்களில், இதற்குத்தானா படித்தோம் என்று அவளுக்கே தோன்றும். ஒரு கடலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாயால் விற்கிற வேலை. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அந்தப் படகுகளில் படுத்துத் தூங்கியதில்லை. படகு கிளம்புகிற நேரத்தில்தான் அடுத்த படகுக்கான அழைப்பு வரும்.

அதனால் எல்லோரும் தவ்கே என்று கூப்பிடுகிற முதலாளி தியோ ஒருநாள் மேசைக்கு வந்து நின்று சொன்னது அவளுக்கு முதலில் புரியவில்லை.

"லிபா, 'செரிண்டிட்' படகு அடுத்த வாரம் கரையேறுது. அடிப்பக்கம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மாதான் கிடக்கும். நீ எடுத்துட்டுப் போ."

"எங்க தவ்கே?"

"எங்கயா? ஊருக்கெல்லாம் எங்க போகணும்னு சொல்றவ என்னைக் கேக்குறியா? வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வா. மியோர் ஓட்டுவான். சாப்பாடு உன் பாடு."

அன்று மாலை வீட்டில், கணவன் சப்ரி பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும், அவள் பாதை போட உட்கார்ந்தாள். படகோட்டியைத் தவிர ஆறு பேர் படுக்கலாம். அவள், சப்ரி, ஐந்து வயது மகள் டாமியா. மீதி மூன்று இடம்.

"முதல்ல யாருக்கு மூஞ்சி தொங்கும்? அதைச் சொல்லு," என்றான் சப்ரி, அவள் வேலை செய்கிற தோரணையைக் கேலி செய்து.

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "காக் லோங்குக்கு," என்றாள்.

காக் லோங் என்பது மூத்த அக்கா ரொஹாயா. தூபாவில் இன்னும் அதே கரையில் இருக்கிறாள். அவள் முகம் தொங்கி இரண்டு வருடம் ஆகிறது. வெளியாட்கள் யாருக்கும் அது தெரியாது.

ரொஹாயாவின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. இங்கே கல்யாணம் என்றால் விருந்து நாள் ஊருக்கு. அதற்கு முந்தின நாள்தான் சொந்தங்களுக்கு. ரெவாங் என்கிற கூட்டு வேலைக்கு அன்று எல்லோரும் வந்துவிடுவார்கள். பாய் விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், அண்டாவைக் கிண்டிக்கொண்டே அடுத்தவன் கதையையும் கிண்டுவார்கள். அந்த வாரம் ஸலிபாவின் அலுவலகத்தில் ஒரே கூட்டத்துக்கு மூன்று படகு பேசியிருந்தார்கள். அவளால் நகர முடியவில்லை. விருந்தன்று மதியம்தான் போய்ச் சேர்ந்தாள், பட்டு உடுப்பில், காகிதம் சுற்றிய பரிசோடு. கூட்டத்தில் யாரோ அவளை விருந்தாளி மேசையில் உட்கார வைத்தார்கள். அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிளம்பும்போது வாசலில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற பூச்சுற்றிய அவித்த முட்டையை நீட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு திரும்பியபோது, பந்தல் காலருகே கரண்டியுடன் நின்று ரொஹாயா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஸலிபா தூபாவுக்குப் போகும்போதெல்லாம் அலமாரியிலிருந்து பொன்விளிம்புக் கோப்பைகள் வெளியே வந்தன. "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க," என்றாள் அக்கா. ஒரே தட்டில் கைவிட்டு, கடைசி மீன்துண்டுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். பெருநாளுக்கு மன்னிப்புக் கேட்கக் குனிந்தபோதுகூட, "நீங்க என்ன தப்பு பண்ணீங்க, எழுந்திரிங்க," என்று மரியாதையாக எழுப்பிவிட்டாள். அந்த மரியாதையைத் தாண்டி உள்ளே போக ஸலிபாவுக்கு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறையில் பயணிகள் படகேறித் தூபாவுக்குப் போனாள். கோப்பை வந்தது. பலகாரம் வந்தது.

"காக் லோங், தவ்கே படகு குடுத்திருக்காரு. ரெண்டு நாள் சுத்திட்டு வரப் போறோம். நீயும் வரணும்."

"ஐயோ, நான் எதுக்கு? நீங்க குடும்பமா போயிட்டு வாங்க. எனக்கு இங்க வேலை கிடக்கு."

"சரி காக் லோங்."

அந்தச் 'சரி' அவள் நினைப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. வேலையில் வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இன்னொரு தடவை கேட்டால் எரிச்சல்படுவார்கள். ஆனால் தூபாவில் முதல் அழைப்புக்கு யாரும் வருகிறேன் என்று சொல்வதில்லை. முதல் தடவை மறுப்பது நாகரிகம். இரண்டாவது தடவை தயங்குவது வழக்கம். மூன்றாவது தடவைதான் பதில். பிறந்த ஊரின் இந்தச் சின்ன விஷயத்தை எப்போது மறந்தோம் என்று அவள் திரும்பும் படகில் கேட்டுக்கொள்ளவில்லை. மனசு லேசாகியிருந்ததைத்தான் கவனித்தாள். கூப்பிட்டாயிற்று, கடமை முடிந்தது என்ற மாதிரி ஒரு லேசு. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

மீதி மூன்று இடமும் தாமாகவே நிரம்பின.

மாக் தே செனா தெருமுனையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவள். "படகுல போறீங்களாமே," என்று அவள் கேட்டபோது, "வாங்களேன் மாக் தே, இடம் இருக்கு," என்றாள் ஸலிபா. கையில் தீனி இல்லாமலே கோழியைக் கூப்பிடுகிற மாதிரியான அழைப்பு அது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். "பரவால்ல, அடுத்த தடவை பார்க்கலாம்," என்று பதில் வரவேண்டும். மாக் தே எண்ணெயில் பழத்தைப் புரட்டிக்கொண்டே, "என்னைக்குக் கிளம்பணும்?" என்றாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "இந்தா, நீங்களும்தான். லிபா கூப்பிடுது," என்று கணவர் பாக் தேவுக்குக் குரல் கொடுத்தாள்.

அங்கே பழம் வாங்கிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக் காக் நாபை மட்டும் விட்டுவிட முடியுமா? அவளையும் கூப்பிட்டாள். "எனக்குத் தண்ணின்னா பயமாச்சே," என்றாள் காக் நாப். ஸலிபா நிம்மதியாக வீடு திரும்பினாள். மறுநாள் காக் நாபின் துணிக்கொடியில் மஞ்சள் நிறத்தில் புத்தம் புது மிதவைச் சட்டை ஒன்று தொங்கியது.

சப்ரி அதைப் பார்த்துவிட்டு வந்து, "நீ பொய்யா கூப்பிட்டவங்க எல்லாரும் வராங்க. நெசமா கூப்பிட்டவங்கதான் வரல," என்றான்.

"நெசமாத்தான் கூப்பிட்டேனா?" என்றாள் ஸலிபா. சப்ரியின் வாயில் சோறு இருந்தது.

வேறு வழியில்லாமல் வருகிறவர்களை வைத்துப் பாதை போட்டாள். தஞ்சோங் ரூ கரையில் சூரியன் மறையும்போது படம் எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்பது மாக் தேவின் ஆசை. பாக் தேவுக்குப் படிக்கட்டில் ஏறினாலே தலை சுற்றும். காக் நாபுக்குக் கரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேற்கே தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. ஆகவே கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே போய், அலையாத்திக் காட்டுக்குள் மதியச் சாப்பாடு, சாயங்காலம் தஞ்சோங் ரூ. அவள் போட்ட பாதைகளில் இது மோசமானது இல்லை. ஆனால் அதைப் போட்டு முடித்தபோது, சந்தோஷமாக இருக்கப் போகிறவர்கள் பட்டியலில் தன்னைச் சேர்க்க மறந்துவிட்டது போல இருந்தது.

கிளம்புகிற காலையில் படகோட்டி மியோர் துறையில் இடுப்பில் கைவைத்து நின்றான். மாக் தே ஒரு அரிசிப் பானை, ஒரு அடுப்பு, இரண்டு கருங்கல் உருப்படிகள் ஆகியவற்றோடு வந்திறங்கியிருந்தாள். ஒன்று மிளகாய்ச் சம்பால் இடிக்கிற உரல். இன்னொன்று அதன் குழவி.

"மாக் தே, நாம ஊர் சுத்தப் போறோமா, ஓட்டல் வைக்கப் போறோமா?"

"உரல் இல்லாம சம்பாலா? உனக்கு வேணும்னா வெறும் சோறு தின்னு."

"படகு ஒரு பக்கமா சாயும்."

"அப்ப இன்னொரு பக்கம் காக் நாபை உக்கார வை."

காக் நாப் மஞ்சள் மிதவைச் சட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தெரு வழியாக நடந்து வந்திருந்தாள். கழிவறையில் கைப்பம்பை எப்படி அடிக்க வேண்டும் என்று ஸலிபா விளக்கினாள். விருந்தாளிகளுக்குத் தொலைபேசியில் நூறு முறை சொன்னதுதான். பாக் தே கவனமாகக் கேட்டுவிட்டு, "நான் ரெண்டு நாள் போகாமலே இருந்துக்கிறேன்," என்றார். படகு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அவர் முகம் அப்போதே பச்சை.

ஒருவழியாகப் படகு துறையை விட்டு நழுவியது. மியோர் பாயை விரித்தான். அது ஒரு தடவை படபடத்து, பிறகு காற்றை வாங்கி நிமிர்ந்தது. டாமியா கைதட்டினாள். இத்தனை வருடம் தான் சொல்லிச் சொல்லி விற்றது இந்தக் கணத்தைத்தானா என்று ஸலிபா வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, காலை நீட்டி உட்கார்ந்த சப்ரிக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"செவ்வாய்க்கிழமை சந்தையில அபாங் லோங்கைப் பார்த்தேன்."

அபாங் லோங் என்றால் ரொஹாயாவின் புருஷன்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல. உங்கக்கா புதுசா ரப்பர் செருப்பு வாங்கி வெச்சிருக்காங்களாம், படகுல வழுக்காத மாதிரி. பயணிகள் படகு வர்ற சத்தம் கேக்குறப்பல்லாம் வாசலுக்கு வந்து வந்து பார்க்குறாங்களாம். 'உன் பொண்டாட்டி மறுபடியும் வந்து கேப்பான்னு இவ காத்துட்டு இருக்கா, என்னால வீட்டுல நிம்மதியா டீ குடிக்க முடியல'ன்னாரு."

ஸலிபா அவனைப் பார்த்தாள். "இதை இப்ப சொல்றீங்க."

"நீ நாலு நாளா ஐஸ் பெட்டியைப் பத்தியே பேசிட்டு இருந்தே என்கிட்ட. நான் எங்க நடுவுல பேசுறது?"

அவள் எழுந்து சுக்கானுக்குப் போனாள்.

"தெற்கே திருப்புங்க. தூபாவுக்கு."

மியோர் வடக்கே கை காட்டினான். "தஞ்சோங் ரூ அந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியாதா?"

"பாதை போட்டவளே நீதான்."

"போட்டவளே மாத்துறேன்."

"என் சூரியன் என்னாகும்?" என்றாள் மாக் தே, வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தாமல்.

"தூபாவுலயும் மறையும் மாக் தே."

படகு திரும்பியது. திரும்பிய பிறகுதான் ஸலிபா இடங்களை எண்ணிப் பார்த்தாள். படுக்க இருப்பது ஆறு இடம், ஆறிலும் ஆள். போய் நின்று என்ன சொல்லிக் கூப்பிடுவது? இடம் இல்லாத படகுக்கு அழைத்தால் அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? அக்கா இந்தத் தடவையும் மறுத்துவிட்டால், அதன் பிறகு கேட்பதற்கு இன்னொரு படகு வரப்போவதில்லை. பொன்விளிம்புக் கோப்பைகள் ஆயுளுக்கும் அலமாரிக்குள் திரும்பப் போவதில்லை.

தூபாவுக்கும் டாயாங் புந்திங் தீவுக்கும் நடுவே இருக்கிற ஒடுங்கிய நீரில் மியோர் நங்கூரம் போட்டான். "தண்ணி வத்துது. கரைக்கு முன்னாடி சேறு வெளிய தெரிய ஆரம்பிச்சுடும். சீக்கிரம் போயிட்டு வந்துடு. இல்லன்னா சாயங்காலம் தண்ணி ஏறுற வரைக்கும் அங்கதான்," என்றான்.

"நான் மட்டும் போயிட்டு வந்துடுறேன்," என்றாள் ஸலிபா.

"நல்லா இருக்கே. ஒருத்தி வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு இறங்காமப் போனா நம்மளைப் பத்தி என்ன நினைப்பா?" என்று மாக் தே எழுந்தாள். அவளுக்கு முன்பே சின்ன ரப்பர் படகில் ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தார். பாக் தே.

கரையில் காலை வைத்ததும் அவர் ஒரு தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் வீட்டுப் பின்பக்கம் போனார்கள். அங்கே கூடை கூடையாகக் கானாங்கெளுத்தி. விடியற்காலையில் அபாங் லோங்கின் வலையில் ஒரு கூட்டமே விழுந்திருந்தது. ரொஹாயா தாழ்வான பலகையில் உட்கார்ந்து கீறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், முகத்தில் ஏதோ வந்து போவதற்குள் எழுந்துவிட்டாள்.

"வாங்க, வாங்க. எல்லாரும் வந்திருக்கீங்க. உக்காருங்க, தண்ணி போடுறேன்."

"தண்ணி வேணாம் காக் லோங். எங்ககூட வா. படகு அங்க நிக்குது."

"எப்படி வர்றது? பார்க்குறீங்கல்ல. இன்னிக்கே கீறி உப்புப் போடலன்னா அத்தனையும் நாறிப் போயிடும். நீங்க கிளம்புங்க, காத்து நல்லா இருக்கு."

சரி காக் லோங் என்ற சொல் ஸலிபாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்தத் தடவை அதை விழுங்கினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அக்கா எழுந்த பலகையில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள்.

"அட, நீங்க எதுக்கு. விருந்தாளி..." என்று ஆரம்பித்த ரொஹாயா பாதியில் நிறுத்தினாள். அந்தச் சொல் அங்கேயே கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"கத்தி மொக்கையா இருக்கு," என்றாள் ஸலிபா.

ரொஹாயா அந்தக் கத்தியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு கத்தியும் இன்னொரு பலகையும் எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். முதல் மீனைப் பார்த்தும் பேசாமல் இருந்தாள். இரண்டாவதையும் பொறுத்துக்கொண்டாள். மூன்றாவதை ஸலிபா கையிலிருந்து பிடுங்கினாள்.

"குடலை எடுக்கச் சொன்னா மீனையே எடுத்துப் போடுற. முதுகுப் பக்கமா கீறு. எத்தனை வருஷம் நீ இதைச் செஞ்ச, மறந்தா போச்சு?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவின் வாயிலிருந்து வந்த முதல் 'நீ' அது. ஸலிபா தலையைத் தூக்காமல் முதுகுப் பக்கமாகக் கீறினாள்.

மாக் தே யாரும் கேட்காமலே உப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். காக் நாபுக்குத் தண்ணீருக்குத்தான் பயம், மீனுக்கு இல்லை. மிதவைச் சட்டையோடே கழுவிக் கழுவிப் போட்டாள். சப்ரியும் அபாங் லோங்கும் மூங்கில் தட்டிகளை வெயிலில் பரப்பினார்கள். டாமியா ஓலையால் ஈ ஓட்டினாள். மாக் தே தன் தங்கையின் மருமகள் ஓடிப்போன கதையைச் சொன்னாள். ரொஹாயா அதில் ஒரு பெயரைத் திருத்தினாள். கொஞ்ச நேரத்தில் யாரும் திரும்பி வராததைப் பார்த்து, மியோர் பாதித் தூரம் நீந்தி, மீதியை முழங்கால் சேற்றில் நடந்து வந்து சேர்ந்தான். "படகு பேசினது இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனும் உட்கார்ந்தான். அப்பால் நீரில் வெள்ளை வெளேரென்று செரிண்டிட் தனியாக நின்றது. பெரிய பணக்காரர்கள் ஆசைப்பட்டு ஏறுகிற படகு. அதில் அப்போது ஆளே இல்லை.

கடைசிக் கூடை காலியானபோது வெயில் சாய்ந்து, நீர் சேற்றை மறுபடி மூடத் தொடங்கியிருந்தது. ரொஹாயா எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸலிபா பக்கத்தில் போய் நின்றாள்.

"வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சுது."

"வா."

"படகுல எத்தனை பேர் படுக்கலாம்?"

"ஆறு."

"நீங்க எத்தனை பேரு?"

"ஆறு."

"அப்ப என்னை எங்க கட்டித் தொங்க விடுவ? பாய்மரத்துலயா?"

"என் இடத்துல படு. நான் மேல்தட்டுல படுத்துக்கிறேன்."

"மழை வரும்."

"நனையிறேன். நீ வா. நீ வரலன்னா நானும் போகல, படகு அங்கயே நிக்கட்டும். தவ்கே வந்து எடுத்துக்கட்டும்."

"யாரும் நனைய வேணாம்," என்று தென்னை மரத்தடியிலிருந்து குரல் வந்தது. பாக் தே காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையவில்லை. "தரைன்னா என்னன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. என் இடத்தை ரொஹாயா எடுத்துக்கட்டும். நான் நாளைக்குப் பயணிகள் படகு பிடிச்சு, கண்ணை மூடிட்டு வீட்டுக்கு வந்துடுறேன்."

"இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் செஞ்ச முதல் நல்ல காரியம்," என்றாள் மாக் தே.

"நமக்கும் காய் நகர்த்த ஒரு ஆளு கிடைச்சாரு," என்று அபாங் லோங் உடனே ஆட்டப் பலகையைத் தேடப் போனார். "நாள் முழுக்கப் படகுல இருக்கேன். லீவுக்கும் படகுலயே போகணுமான்னு நான் இவகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். இவளைக் கூட்டிட்டுப் போங்க."

ரொஹாயா வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஸலிபா முற்றத்தில் நின்றாள். உள்ளே அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கோப்பையை எடுக்கிறாளா? போன தடவை போல ஒரு தட்டில் பலகாரம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஸலிபா வாசலையே பார்த்தாள்.

வந்தது ஒரு துணிப்பை. வாய் கட்டியிருந்தது. புடைத்திருந்தது. இப்போதுதான் அடுக்கிய பை இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. காலில் நீல நிறத்தில் புதுச் செருப்பு. அதைப் பார்த்ததும் சப்ரி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மியோர் அவன் கையில் அந்தத் துணிப்பையைத் திணித்து முன்னால் அனுப்பினான்.

படகு கிளம்பி டாயாங் புந்திங்கின் பாறைகளை ஒட்டிப் போனபோது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. மாக் தே படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். இது தஞ்சோங் ரூ என்றே எழுதினாள். ரொஹாயா பின்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தன் வீட்டுக் கரை சின்னதாவதைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு அந்த முட்டையை வாங்கிட்டுப் போனியே. எப்படிடி கை நீட்டுன?"

மாக் தேவின் குழவி உரலில் அப்படியே நின்றது.

"காக் லோங், அன்னிக்கு மூணு படகு..."

"உன் படகைக் கொண்டு போய்க் கடல்ல போடு. இருநூறு தேங்காய். யாரை நம்பி வாங்கினேன்? உன்னை நம்பி. ராத்திரி முழுக்க ஒவ்வொருத்தியும் கேக்குறா, உன் தங்கச்சி எங்க, தங்கச்சி எங்கன்னு. வருவா, வந்துட்டே இருக்கான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. நீ வந்தே. பட்டுச் சட்டையில வந்தே. மேசையில உக்காந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கன்னு கேட்டே. யார்கிட்ட கேட்டே தெரியுமா? என் சம்பந்திகிட்ட."

"அவங்கதான்னு எனக்குத் தெரியாதே."

"எப்படித் தெரியும்? முந்தின நாள் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தம்மா என்னைக் கூப்பிட்டு, யாரு அந்தப் பொண்ணு, நல்லாச் சாப்பிடுதேன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்னு நினைக்கிற? யாரோ அலுவலகத்துலேருந்து வந்திருக்காங்கன்னு சொன்னேன். என் கூடப் பிறந்தவளை."

சொல்லும்போது ரொஹாயாவின் குரல் உடைந்தது. ஸலிபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் உள்ளே எங்கோ, பாய் காற்றை வாங்கி நிமிர்ந்ததே, அந்த மாதிரி ஒன்றும் நடந்துகொண்டிருந்தது.

"தப்புதான் காக் லோங்."

"தப்புன்னு சொல்லி முடிச்சுக்கலாம்னு பார்க்காதே. நான் இன்னும் பாதிகூடச் சொல்லல. போன பெருநாளைக்கு வந்து, விலைச்சீட்டுக்கூடப் பிய்க்காம ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டுனியே, அதுக்கு வரேன்."

சப்ரி மெல்ல எழுந்து முன்தட்டுக்கு நழுவினான். காக் நாப் நழுவவில்லை. இன்னும் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். மியோர் சுக்கானில் நின்றபடி தொண்டையைக் கனைத்தான்.

"நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். போட்ட பாதைதான் போச்சு. இப்ப எங்க போகணும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஸலிபாவிடம் அந்தக் கேள்விக்கு ஒரு பாதையும் இல்லை.

"அக்கா திட்டி முடிக்கிற வரைக்கும் நேரா போங்க," என்றாள்.

"நேரா போனா பினாங்கு வந்துடும்."

"வரட்டும்," என்றாள் ரொஹாயா. "அங்க போய்ச் சொல்றதுக்கும் எனக்கு இருக்கு."